காலனிக்குப் போர்வை, பந்தியில் இடம்: தொழுநோயும் கிறிஸ்தவ ஐக்கியமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊழியத் திட்டம் போடும் கமிட்டிகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. ஒதுக்கப்பட்டவர்கள் பல வகையினர். தொழுநோய் கண்டவர்களை வைத்தே இங்கே பேசுகிறோம். கிறிஸ்தவர்கள் மிக அதிகமாக உழைத்த இடமும் அதுதான், எங்கே நின்றுபோனார்கள் என்பது தெளிவாகத் தெரிகிற இடமும் அதுதான்.

எங்கள் சபை கிறிஸ்மஸ் தோறும் தொழுநோய்க் காலனிக்குப் போய்ப் போர்வையும் கேக்கும் கொடுக்கிறது. அது போதாதா?

நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். மார்கழிக் குளிரில் போர்வையின் அருமை அங்கே இருக்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். வேன் வந்து நிற்கும். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், சின்னச் செய்தி. காலனிக்காரர்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொள்வார்கள், போட்டோ எடுப்போம். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறுவோம். நம் சாப்பாடு வழியில் ஏதாவது ஓட்டலில்.

இரக்கப்படுகிறவர் தன் இடத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை. ஐக்கியத்துக்கு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும். தமிழ்ச் சபைகள் முதலாவதில் தாராளம், இரண்டாவதில் கஞ்சம் என்பதே இந்தப் பக்கத்தை எழுதுகிறவரின் எண்ணம். கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்தே வாசியுங்கள்.

இயேசு குஷ்டரோகிகளைச் சொஸ்தமாக்கினார், சரி. அவர்களோடு ஐக்கியமாக இருந்தார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

மாற்கு முதல் அதிகாரத்திலேயே தொடங்குகிறது. "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்று ஒருவன் முழங்காற்படியிடுகிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும்; நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தொலைவிலிருந்தே குணமாக்கியவர் அவர். இங்கே மனதுருகிக் கையை நீட்டித் தொடுகிறார். தொட்ட பிறகே "சுத்தமாகு" என்கிறார். அந்த வரிசைதான் முக்கியம். அவன் தீட்டாக இருக்கும்போதே தொடுகை நடந்துவிடுகிறது.

அதே பகுதியின் கடைசி வசனத்தைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குணமானவன் ஊருக்குள் போய்ச் செய்தியைப் பரப்புகிறான். அதனால் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகக்கூடாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். வெளியே இருந்தவன் உள்ளே போகிறான், உள்ளே இருந்தவர் வெளியே வருகிறார்.

பிறகு பெத்தானியா. சிலுவைப் பாடுகளுக்குச் சில நாட்களே இருக்கும்போது, "குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில்" அவர் போஜனபந்தியில் இருந்தார் என்கிறது மாற்கு 14:3. அந்தப் பந்தியில் ஒரு ஸ்திரீ அவர் தலையில் விலையுயர்ந்த நளத தைலத்தை ஊற்றியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். பந்தி யாருடைய வீட்டில் நடந்தது என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. சீமோன் எப்போது குணமானான், யார் குணமாக்கியது, எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பட்டப்பெயர் மட்டும் அவனைவிட்டுப் போகவே இல்லை. அப்படிப் பெயர் வாங்கியவன் வீட்டில்தான் சாப்பாடு.

இயேசுவின்மேல் வந்த முறுமுறுப்பையும் பாருங்கள்: "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" (லூக்கா 15:2). அவர்களுக்குப் பிச்சை போட்டிருந்தால் பரிசேயரே பாராட்டியிருப்பார்கள்.

லேவியராகமம் ஒதுக்கி வைக்கத்தானே சொல்கிறது?

சொல்கிறது. வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டு, பாளயத்துக்குப் புறம்பே தனியாகக் குடியிருக்க வேண்டும் (13:45, 46). ஆனால் அதே அதிகாரங்கள் துணியிலும் வீட்டுச் சுவரிலும் வரும் பூசணத்தையும் குஷ்டம் என்றே சொல்கின்றன. ஆகவே அங்கே சொல்லப்படுவதும் இன்று மருத்துவர் தொழுநோய் என்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: 14-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி குணமானவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் முறை. ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே அவனிடம் போகிறான். ஒதுக்கிவைக்கும் பகுதியைப் படித்தவர்கள் சேர்த்துக்கொள்ளும் பகுதியையும் படிக்கட்டும்.

பிரசங்கத்தில் "பாவம் என்னும் குஷ்டரோகம்" என்று சொல்லலாமா?

வேண்டாம். பின்வரிசையில் மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

சபை வரலாற்றில் எல்லாரும் இரக்கமாகத்தான் இருந்தார்களா?

இரண்டும் கலந்தே இருந்தது. 1179-ல் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் மூன்றாம் லாத்தரன் சங்கம், தொழுநோயாளிகள் கூடி வாழும் இடங்களில் அவர்களுக்கென்று ஆலயமும் கல்லறைத் தோட்டமும் குருவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதைத் தடுத்த குருமாரைக் கண்டித்தது. அவர்கள் தோட்டத்து விளைச்சலிலும் கால்நடையிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) வாங்கக் கூடாது என்றும் சொன்னது. அன்பான விதிதான். ஆனால் அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து தொழ முடியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு எழுதிய விதி. ஐரோப்பாவில் சில இடங்களில் உயிரோடிருக்கும் நோயாளிக்கே சாவுச் சடங்கு போல ஒன்றைச் செய்து அனுப்பிவைத்ததும் உண்டு.

இத்தாலியத் துறவி அசிசியின் பிரான்சிஸ் 1226-ல், சாகும் வருடத்தில், எழுதிவைத்த மரண சாசனத்தில் தன் மனமாற்றத்தை இங்கிருந்தே தொடங்குகிறார். பாவத்தில் இருந்தபோது தொழுநோயாளிகளைப் பார்ப்பதே தனக்குக் கசப்பாக இருந்தது என்றும், ஆண்டவரே தன்னை அவர்கள் நடுவே கொண்டுபோனார் என்றும், கசந்தது பிறகு இனிப்பாக மாறியது என்றும் சொல்கிறார்.

மொலோக்காய்த் தீவின் தமியான் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் புதிதாக என்ன இருக்கிறது?

ஹவாய் அரசு 1865-ல் ஒரு சட்டம் போட்டு, தொழுநோய் கண்டவர்களைப் பிடித்து மொலோக்காய் தீவின் ஒரு முனைக்கு அனுப்பத் தொடங்கியது. ஒரு பக்கம் செங்குத்து மலை, மற்றப் பக்கமெல்லாம் கடல். 1969 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. மொத்தம் ஏறத்தாழ 8,000 பேர், பெரும்பாலும் ஹவாய்ப் பூர்வகுடிகள், அங்கே அனுப்பப்பட்டார்கள். பெல்ஜியத்தில் 1840-ல் பிறந்த கத்தோலிக்கக் குரு தமியான் அங்கே 1873 மே மாதம் போய்ச் சேர்ந்தார். நோயாளிகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி அவருக்குப் புத்தி சொல்லியே அனுப்பியிருந்தார்கள். அவரோ அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார், அவர்கள் புகைத்த குழாயை வாங்கிப் புகைத்தார், புண்ணைக் கட்டினார், பெட்டி செய்து குழி வெட்டி அடக்கம் செய்தார். 1884-ல் அவருக்கே நோய் உறுதியானது. 1889 ஏப்ரலில் இறந்தார். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. தமியான் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1866-ல், அங்கே தள்ளப்பட்ட புராட்டஸ்டன்ட் நோயாளிகள் 35 பேர் தாங்களாகவே கூடிச் சீலோவாமா என்று ஒரு சபையைத் தொடங்கியிருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள், யாராவது வருவார்கள் என்று கைகட்டிக் காத்திருந்ததில்லை. அங்கே சபை ஏற்கெனவே இருந்தது. தமியான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான். இதைச் சொல்வதால் அவருடைய மதிப்பு குறையாது.

நம் ஊரில் என்ன நடந்தது?

நிறைய. அயர்லாந்துக்காரரான வெல்லஸ்லி பெய்லி வடக்கே அம்பாலாவில் தொழுநோயாளிகளைக் கண்டு, 1874-ல் டப்ளினில் தொடங்கிய சங்கமே இன்றைய தொழுநோய் மிஷன். தமிழ்நாட்டில் மானாமதுரைத் தயாபுரம், வடதொரசலூர் என்று பழைய மிஷன் மருத்துவமனைகள் பல. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு 1955-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமானது. அதே வருடம் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷெஃப்லின் மருத்துவமனை தொடங்கியது.

இவற்றுக்கு நடுவே டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். அடுத்த வருடம் தொழுநோய் மருத்துவர் டாக்டர் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுக் குடியிருப்பைப் பார்க்கப் போனவர், மடங்கிப்போன விரல்களைக் கண்டு, இதை ஏன் எந்த எலும்பு மருத்துவரும் கவனிக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கினார். விரல் அழுகி உதிர்வதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் கை கரைகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் நிறுவினார்கள். இரவில் எலி கடிப்பதுகூடத் தூங்குகிறவருக்குத் தெரியாது. அதற்காகவே நோயாளிகளிடம் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றிக்கட்டி மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில்தான் வளர்ந்தது. 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தக் கைகளுக்கு அறுவை செய்தார்.

விரலை நிமிர்த்தியதோடு கதை முடியவில்லை. நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழாது. வேலை கொடுக்கவும் ஆளில்லை. அதனால் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு புதுவாழ்வு நிலையம் தேவைப்பட்டது. அங்கே இருந்த ஒரு இளைஞரை வேலூரில் ஒரு தமிழ்ச் சபை ஆராதனைக்கு அழைத்துப்போனதைப் பிராண்ட் எழுதியிருக்கிறார். போவதற்கு முன் சபைப் பெரியவர்களிடம் கேட்டு, தொற்றாது என்று விளக்கியிருந்தார். முகத்திலும் கையிலும் நோயின் தழும்போடு அந்த இளைஞர் வாசலில் தயங்கி நிற்க, பின்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். வருடங்கள் கழித்து அவரை ஒரு தொழிற்சாலையில் நல்ல தொழிலாளியாகப் பிராண்ட் பார்த்தபோது, அவர் வாழ்க்கை திரும்பியது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் என்று தெரிந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவர் நினைவில் தங்கியது பெஞ்சைத் தட்டிய அந்தக் கை.

அந்த மிஷன் குடியிருப்புகளே ஒதுக்கிவைத்த இடங்கள்தானே?

ஆமாம், ஓரளவுக்கு. பல இடங்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார்கள். கணவன் மனைவிகூடச் சேர்ந்து வாழ முடியவில்லை. நோய் இல்லாத பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு இல்லத்தில் வளர்த்தார்கள். மருந்து இல்லாத காலத்தில் வேறு வழி தெரியவில்லை என்பது உண்மை. பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. கல்லெறிந்து துரத்திய ஊரைவிட அந்தக் குடியிருப்பு எவ்வளவோ மேல். ஆனாலும் மதில் மதில்தான். நன்றியோடு நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்கலாம்.

ஒட்டுமா, ஒட்டாதா? திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிக்கலாமா?

குடிக்கலாம். கைகுலுக்குவதாலும் பக்கத்தில் உட்காருவதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் தொழுநோய் பரவாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழும்போது, மூக்கு வாய் வழியாக வரும் நுண்துளிகளால் பரவக்கூடும். அப்போதும் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருப்பதால் நோய் வராது. கிருமியை நார்வேயில் ஹேன்சன் 1873-ல் கண்டுபிடித்தார். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்து தொடங்கியதுமே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது.

இந்தியாவில் 2005 கடைசியில் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. நோய் ஒழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உணர்ச்சியில்லாத, வெளிறிய அல்லது சிவந்த படை தோலில் இருந்தால் உடனே காட்டுங்கள்.

குணமாகிவிட்டார் என்கிறீர்கள். பிறகு ஏன் காலில் புண்?

கிருமி போய்விட்டது, செத்த நரம்பு திரும்பி வரவில்லை. முள் குத்தினாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பார். அந்தப் புண் மற்றவருக்கு ஒட்டாது. மெத்தென்ற ரப்பரால் செய்த எம்.சி.ஆர். செருப்பும் தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பதும் அவருக்கு அவசியம். கேக்குக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தைச் செருப்புக்கு மாற்றலாமே என்று தோன்றுகிறது. அளவு எடுத்துச் செய்ய வேண்டும். மொத்தமாக வாங்கிக் கொட்டினால் பயன்படாது.

சட்டத்தில் ஒதுக்கல் உண்டா?

இருந்தது. 1898-ஆம் வருடத் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. கிறிஸ்தவர்களுக்கு வெட்கமான ஒன்று: நமக்கு உரிய 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தை 2001-ல் திருத்தியபோது, குணமாகாத தொழுநோயையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். மருந்து வந்து இருபது வருடம் ஆகியிருந்தது! 2019-ல் ஐந்து திருமண, குடும்பச் சட்டங்களிலிருந்து அந்தக் காரணத்தை நாடாளுமன்றம் எடுத்துவிட்டது.

தொழுநோய் பற்றிப் பேசும்போது சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?

பந்தி ஒன்றுதான் என்பதால். தொழுநோயாளியின் பக்கத்தில் உட்கார மறுப்பவர் கிருமியைக் காரணம் சொல்லலாம். சாதிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தமிழ்ச் சபைகளில் பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற சண்டை மருத்துவமனைகளைவிடப் பழையது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று எழுதியதும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூடச் சாதி ஆசாரத்துக்கு ஆதரவாகவே எழுதினார். 1847-ல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தபோது, எத்தனையோ உபதேசிமார் சம்பளத்தை விட்டார்கள், சோற்றைத் தொடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண, கோயிலுக்குள்ளேயே பிரிவுச் சுவர் இருந்தது. பங்குத்தந்தை கோசானல் 1910-ல் அதை இடித்ததும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறையைத் தனியே பிரிக்கும் சுவர்கள் இன்னும் சில ஊர்களில் நிற்கின்றன.

பேதுருவே அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்து, எருசலேமிலிருந்த யாக்கோபினிடத்திலிருந்து ஆள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). அப்போஸ்தலருக்கே வந்த தடுமாற்றம்தான். ஆனால் அதை யாரோ எல்லார் முன்பாகவும் கேட்டார்கள்.

தென்மாவட்டச் சபைகளில் அசனப் பண்டிகை என்று ஒன்று இருக்கிறது. அண்டா அண்டாவாகச் சோறு வடித்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும். இவ்வளவு நல்ல வழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலனிக்கு மட்டும் வாளியில் அனுப்பிவைப்பது ஏன்?

இதெல்லாம் மதம் மாற்றுவதற்காகத்தானே?

நற்செய்தி சொல்வதும் அந்த மிஷன்களின் நோக்கம்தான், அவர்களே மறைக்கவில்லை. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேறு கதி இல்லாதவரிடம் ஜெபக்கூட்டத்துக்கு வா என்று சொல்லும்போது, அவர் தாமாக வந்தாரா என்று கேட்பது நியாயமான கேள்வி. லூக்கா 17-ல் பத்துப் பேர் குணமானார்கள். சமாரியன் ஒருவனே திரும்பி வந்தான். "மற்ற ஒன்பது பேர் எங்கே" என்று இயேசு கேட்டார், அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய உதவிக்கும் இதை வைத்து ஒரு விதி வகுக்கலாம்: பெயர்ப் பட்டியலில் மதம் என்ற கட்டம் வேண்டாம், ஆராதனை முடிந்துதான் சாப்பாடு என்ற ஏற்பாடும் வேண்டாம்.

கூப்பிட்டாலும் அவர்கள் சபைக்கு வருவதில்லையே?

எத்தனையோ வாசலில் நின்று திரும்பியவர்கள். ஒரு அழைப்புக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸில் ஏறுவதிலேயே பிரச்சினை இருக்கும். வண்டி ஏற்பாடு செய்யுங்கள். வந்தபின் தனி வரிசை போடாதீர்கள், மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவும் வைக்காதீர்கள். காணிக்கைப் பையை அவர்களைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள், அவர்களும் போடட்டும். நன்றாகப் பாடுகிறவர் இருந்தால் பாடகர் குழுவில் சேர்க்கலாம், கணக்குத் தெரிந்தவரைக் கமிட்டிக்கு நிறுத்தலாம். பிள்ளைகளுக்கு நோயே இருக்காது. ஆனால் காலனி முகவரியைச் சொன்னதும் வேலையும் வரனும் தட்டிப்போகும். அங்கே உங்கள் சிபாரிசு போர்வையைவிட அதிகம் உதவும்.

அவர்கள் வீட்டில் சாப்பிடக் கொடுத்தால்?

சாப்பிடுங்கள். பொதுவாக என்ன நடக்கும் தெரியுமா? நீங்கள் அவர்கள் டம்ளரில் குடிக்கமாட்டீர்கள் என்று அவர்களே முடிவு செய்து, கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் பாட்டில் வாங்கி, மூடி திறக்காமல் கையில் கொடுப்பார்கள். அது மரியாதை போலத் தெரியும். உண்மையில் பல வருட அனுபவம். முந்தின நாளே சொல்லியனுப்புங்கள்: "நாளைக்கு மத்தியானம் உங்க வீட்லதான் சாப்பாடு, கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம்க்கா, நீங்க வைக்கிற குழம்பு போதும்." அரிசி, காய்க்கு ஆகிற செலவை அந்த அக்காவின் கையில் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்குங்கள், பரவாயில்லை. பரிமாறும் கையைப் பார்த்து முகம் மாறாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்குங்கள். கூட வருகிற வாலிபர்களுக்கும் இதை வேனிலேயே சொல்லி வையுங்கள்.